நிழல் கூடாது என்ற விதியும் நயீம் பாயின் கன்னமும்

எங்கள் துறையின் நடைமுறைக் கையேட்டில் பதினோராம் விதி இது: "மருத்துவப் பதிவுக்கான முகப்படங்களில் ஒளி முகத்தின் இரு பக்கமும் சமமாக விழ வேண்டும். ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியே இருக்க வேண்டும். அதைக் கேமராவிலிருந்து விலக்கி வைக்கக் கூடாது. மூக்கின் நிழல் உட்பட எந்த நிழலும் முகத்தில் தெரியக் கூடாது."

பார்க்காமலே ஒப்பிப்பேன். வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனையின் புகைப்படப் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவனுக்கு ஒப்பிக்க வேறு என்ன இருக்கிறது? போன மாதம், இப்போது அந்தப் பிரிவைக் கவனிக்கும் பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். கையேட்டைத் திருத்தி எழுதுகிறார்களாம். "சார், பதினொண்ணை யாராவது மீறி இருக்காங்களா? மீறினா இன்னா ஆச்சுன்னு ஒரு குறிப்பு சேர்க்கலாம்னு பார்க்கறோம்" என்றார். எனக்குத் தெரிந்து ஒரு முறைதான் அது வேண்டுமென்றே மீறப்பட்டது. மீறியவன் நான். குறிப்பு எழுதத்தான் உட்கார்ந்தேன். அது கையேட்டில் அடங்காத நீளத்துக்குப் போய்விட்டது. சுருக்கமாக எழுதும் பழக்கம் சம்பளம் வாங்கிய வரைக்கும்தான் இருந்தது போலிருக்கிறது.

நான் இந்த வேலைக்கு வந்த கதையில் சுவாரசியம் ஒன்றுமில்லை. இயற்பியலில் பட்டம், சென்னையில் ஓராண்டுப் புகைப்படப் படிப்பு, பிறகு வாலாஜாபேட்டையில் ஒரு ஸ்டுடியோவில் இரண்டு ஆண்டுகள். அங்கே மாப்பிள்ளைகளை வெள்ளையாகவும் மாமியார்களை இளமையாகவும் காட்டக் கற்றேன். ஒற்றை ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, நீண்ட ஒயர் போட்டு, பக்கத்தில் தள்ளி வைத்தால் ஒரு சாதாரண முகம் எப்படிச் சிற்பம் போல ஆகிறது என்பதும் அங்கே தெரிந்துகொண்டதுதான். மருத்துவமனைக்கு வந்த முதல் நாளே அதை மறக்கச் சொன்னார்கள்.

சொன்னவர் எங்கள் பிரிவுத் தலைவர் ஆல்பர்ட் சார். கழுத்தில் தையற்காரர் போல ஓர் அளவு நாடா தொங்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா, சிவப்பும் பச்சையும். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு படம் சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல்ல மாட்டார். படத்தைத் திருப்பி, எந்த விதி மீறப்பட்டதோ அதன் எண்ணைச் சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுப்பார். ஏழு என்றால் கம்மலையோ மூக்குத்தியையோ கழற்றவில்லை. ஒன்பது என்றால் தலை சாய்ந்திருக்கிறது. பதினொன்று என்றால் நிழல். என் முதல் ஆண்டுப் படங்களின் பின்புறம் கணக்குப் பரீட்சை விடைத்தாள் மாதிரி இருக்கும்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுக்கும் படங்கள் ஒரே மாதிரி இருந்தால்தான் மருத்துவருக்கு எது மாறியது என்று தெரியும். இன்று எடுத்த படத்தில் வெளிச்சம் இடப்பக்கம், ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் வலப்பக்கம் என்றால், கத்தி மாற்றியது எது, ஃபிளாஷ் மாற்றியது எது என்று யார் சொல்வது? "நிழலை வெச்சு யாரை வேணும்னாலும் நோயாளியாக்கலாம் தேவராஜ். உன்னைக்கூட" என்பார். நோயாளி உட்காரும் ஸ்டூலிலிருந்து லென்ஸுக்கு நாடா பிடித்து அளப்பார். அளந்த பிறகு நோயாளி மூச்சு இழுத்துவிட்டால், மறுபடி அளப்பார்.

கையேட்டில் 'விருப்பம்' என்ற சொல் ஒரே ஓரிடத்தில்தான் வரும். இருபத்து மூன்றாம் விதி: "ஆண்டறிக்கை, விழா மலர் ஆகியவற்றுக்கான உருவப்படங்களில் ஒளியமைப்பு புகைப்படக்காரரின் விருப்பம்." வருடத்துக்கு இரண்டு மூன்று முறை எனக்கு அந்த விடுதலை கிடைக்கும். ஒருமுறை ஓய்வு பெறும் நிர்வாக அதிகாரியைக் கறுப்புத் திரை முன் உட்கார வைத்து, ஃபிளாஷை அவர் காதுக்கு நேரே பக்கவாட்டில் நிறுத்தி எடுத்தேன். பாதி முகம் வெளிச்சத்தில், பாதி முகம் இருட்டில். படம் அற்புதமாக வந்தது. அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, பாதி மூஞ்சிக்குத்தான் பென்ஷனா?" என்றார். மறுநாள் முன்னாலிருந்து வெளிச்சம் போட்டு, தட்டையாக ஒன்று எடுத்துக் கொடுத்தேன். ஆல்பர்ட் சார் அந்த இரண்டாவது படத்தைத்தான் பாராட்டினார்.

நயீம் பாய் எங்களிடம் வந்தது தொண்ணூறுகளின் பின்பாதியில். ஆம்பூரில் ஒரு தோல் ஆலையில் தரம் பிரிப்பவர். ஆலையில் அதைச் 'செலக்‌ஷன்' என்பார்கள். பதனிட்டு வண்ணம் ஏற்றிய தோல்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது முதல் தரம், எது மூன்றாம் தரம் என்று சொல்வது அவர் வேலை. அவர் சொன்னால் சொன்னதுதான். வெளிநாட்டுக்காரன் அதை நம்பித்தான் ஆர்டர் கொடுப்பான். நாற்பது வயது, நல்ல பருமன், வட்ட முகம், வெட்டிய தாடி. அந்த ஆண்டின் தொடக்கத்தில் நெடுஞ்சாலையில் அவர் ஓட்டிய ஸ்கூட்டரை ஒரு லாரி உரசிவிட, வலது கன்னம் சாலையில் மோதியிருக்கிறது. ரத்தம் இல்லை, தையல் இல்லை. வீங்கியது, வற்றியது. ஆள் பிழைத்தாரே என்று வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

வீக்கம் வற்றிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. கன்ன எலும்பு உள்ளே அமுங்கியபடியே சேர்ந்துகொண்டது. கண்ணைத் தாங்கும் எலும்பும் கொஞ்சம் இறங்கிவிட்டது. எதைப் பார்த்தாலும் இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று.

"பஸ் ஸ்டாண்டுல நின்னா ஒரு பஸ்ஸு மேல இன்னொரு பஸ்ஸு ஏறி வருது சார்" என்றார் முதல் நாள். "கண்டக்டரும் ரெண்டு பேரு. டிக்கெட்டு மட்டும் ஒருத்தரு தான் குடுக்கறாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் தரம் பிரிப்பவருக்கு ஒரு தழும்பு இரண்டாகத் தெரிந்தால் அவர் வேலை அதோடு முடிந்தது. ஒரு கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டும் பார்த்திருக்கிறார். அப்போது தோலின் மேடு பள்ளம் பிடிபடவில்லை. முதலாளி நல்ல மனிதர். அவரை உடனே அனுப்பாமல் பண்டல் கட்டும் இடத்தில் நிற்க வைத்து, வருடக் கடைசி வரை பொறுத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பதினேழு ஆண்டுகள் தோலைத் தொட்டுத் தரம் சொன்ன கை, சணல் கயிறு முடிந்துகொண்டிருந்தது.

எங்கள் முக அறுவைப் பிரிவின் டாக்டர் சுசீலா அவரைப் பரிசோதித்தார். கண்ணுக்குக் கீழே எலும்பைத் தூக்கி வைத்துக் கட்டும் அந்த நுணுக்கமான ஆபரேஷன் அப்போது எங்களிடம் இல்லை. ஆண்டுதோறும் ஜனவரியில் வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்து இரண்டு வாரம் தங்கி அதைச் செய்யும். குழு எடுத்துக்கொள்வது கொஞ்சம் பேரைத்தான். யார் யார் என்பதை அவர்கள் தங்கள் ஊரிலிருந்தபடியே முடிவு செய்வார்கள். நாங்கள் அனுப்பும் குறிப்பையும் எக்ஸ்ரேவையும் படத்தையும் பார்த்து, முக்கியமாகப் படத்தைப் பார்த்து. பட்டியலில் இடம் கிடைத்தவர்களுக்குத்தான் ஸ்கேன் எடுப்பார்கள். நயீம் பாயின் எக்ஸ்ரேயில் பழைய முறிவு சேர்ந்து மங்கிக் கிடந்தது. டாக்டர் விரலால் தடவினால் பள்ளம் தெரியும். விரலைக் கடிதத்தோடு வைத்து அனுப்ப முடியாது.

ஜூனில் முதல் படங்களை எடுத்தேன். நேர்முகம், வலம், இடம், மேலே பார்த்து, கீழே பார்த்து. பதினோராம் விதிப்படி முகமெங்கும் பால் ஊற்றியது போல ஒளி. ஆல்பர்ட் சார் திருப்பிப் பார்த்தார், எண் எதுவும் எழுதவில்லை. பச்சை மையில் கையெழுத்திட்டார். ஆகஸ்டில் பதில் வந்தது: "படத்தில் முக அமைப்பில் குறை எதுவும் தெரியவில்லை. முன்னுரிமை தர இயலவில்லை. இதைவிடத் தெளிவான படம் இருந்தால் அனுப்பவும்."

இதைவிடத் தெளிவான படம் என்றதும் எங்கள் பிரிவின் தன்மானம் சிலிர்த்துக்கொண்டது. இந்த முறை ஆல்பர்ட் சாரே முன்னின்றார். லென்ஸைச் சுற்றி வளையமாகப் பொருத்தும் ஃபிளாஷ் ஒன்று எங்களிடம் இருந்தது. அதை மாட்டினார். இரண்டு பக்கமும் வெள்ளை அட்டைகளை நிறுத்தி, எஞ்சியிருந்த மிச்சம் மீதி நிழலையும் துரத்தினார். மூக்குக்குக் கீழே ஒரு மயிரிழை நிழல் கிடந்தது. அதற்காக நயீம் பாயின் மடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்தார்.

"சவரம் பண்ணப் போறீங்களா சார்?" என்றார் நயீம் பாய்.

"ஆடாம உட்காருங்க" என்றார் ஆல்பர்ட் சார்.

என் வாழ்நாளில் அவ்வளவு தெளிவான முகப்படத்தை நான் பார்த்ததில்லை. தாடியின் ஒவ்வொரு மயிரையும் எண்ணலாம். அக்டோபர் கடைசியில் பதில் வந்தது. படத்தின் தரத்துக்கு எங்களைப் பாராட்டியிருந்தார்கள். நோயாளி நலமாகத் தெரிவதில் மகிழ்ச்சி என்றும் எழுதியிருந்தார்கள்.

எங்கள் வேலையை நாங்கள் எவ்வளவு நன்றாகச் செய்தோமோ, அந்த மனிதர் அவ்வளவு ஆரோக்கியமாகிக்கொண்டே போனார். வேறு எந்த மருத்துவமனையும் கேமராவால் ஒருவரை இவ்வளவு சீக்கிரம் குணப்படுத்தியிருக்காது. நோயாளிக்குத்தான் அது தெரியவில்லை, அவருக்கு இன்னும் இரண்டு பஸ் வந்துகொண்டிருந்தது.

நவம்பர் தொடக்கத்தில் டாக்டர் சுசீலா அவரை வரச் சொல்லி, இரண்டாவது கடிதத்தைப் படித்துக் காட்டினார். பட்டியல் கிறிஸ்துமஸுக்குள் முடிந்துவிடும். இதை விட்டால் அடுத்த ஆண்டு. முதலாளி கொடுத்த கெடு அதற்கு முன்பே தீர்ந்துவிடும். நயீம் பாய் நேராக என்னிடம் வந்தார். எங்கள் பிரிவின் வராந்தாவில் வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. அதன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, "அந்தப் போட்டோவைக் காட்டுங்க சார், ஒரு வாட்டி பார்த்துக்கறேன்" என்றார். கொடுத்தேன்.

வாங்கியவர் நேரே வைத்துப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, படத்தைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, ஒரு விளிம்பைத் தாழ்த்தி இப்படியும் அப்படியும் சாய்த்தார். பதினேழு ஆண்டுப் பழக்கம், கை தானாகச் செய்தது. பிறகு தனக்குத்தானே சிரித்தார்.

"இன்னா பாய்?"

"காகிதத்தைச் சாய்ச்சா இன்னா வரப்போவுது. இதுல தான் ஒண்ணுமே இல்லியே." படத்தை என்னிடம் நீட்டினார். "ஏன் சார், நீங்க எல்லாம் படிச்சவங்க, கோச்சுக்காதீங்க. நேரா வெளிச்சம் அடிச்சா எப்படி சார் தெரியும்?"

"எது?"

"பள்ளந்தான். எங்க ஷெட்ல டியூப்லைட்டுக்குக் கீழ வெச்சு நான் செலக்‌ஷன் போட்டா, எல்லாத் தோலும் ஒண்ணாம் நம்பர் தான். முதலாளி திவாலாயிடுவாரு. வடக்கு ஜன்னல்கிட்ட எடுத்துனு போயி, வெளிச்சம் மேலால வழுக்கினு போற மாதிரி சாய்ச்சுப் பிடிக்கணும். அப்போதான் உண்ணி கடிச்சது, முள்ளு கீறினது, சாட்டை பட்டது எல்லாம் எழும்பி வரும். நேரா அடிச்சா செத்த மாட்டுத் தோலுகூட மாப்பிள்ளை மாதிரி இருக்கும்."

சொல்லிக்கொண்டே தன் முகத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், தாடையைத் தாழ்த்தி, தோலைச் சாய்ப்பது போலவே சாய்த்தார். ஜன்னலின் மேல்பாதியிலிருந்து வந்த மழைக்கால வெளிச்சம் நெற்றியில் வழுக்கி இறங்கியது. இடது கன்னத்தின் எலும்பு மேல் ஒரு வெள்ளைத் திட்டு. வலது கன்னத்தில் அந்தத் திட்டு இல்லை, கட்டைவிரலை வைத்து அழுத்திய களிமண் மாதிரி ஒரு குழி. ஐந்து மாதமாக நான் படம் எடுத்துக்கொண்டிருந்த முகம் அது. வாலாஜாபேட்டையில் அரைச் சம்பளத்துக்குக் கற்றதை மருத்துவமனையில் முழுச் சம்பளத்துக்கு மறந்திருந்தேன்.

ஆல்பர்ட் சாரிடம் போய்ச் சொன்னேன். ஃபிளாஷைக் கழற்றி மேலே தூக்கிக் கட்டி ஒரு படம் எடுக்க வேண்டும் என்றேன்.

"எந்த விதில இருக்கு, எடுத்துக் காட்டு" என்றார்.

"விதில இல்ல சார். ஆனா..."

"அப்போ இல்லதான்." நாடாவை மடித்துக்கொண்டார். "நிழல் போட்டு எடுத்தா அவங்க நம்புவாங்கன்னு நெனைக்கறியா? வேணும்னே பள்ளமா காட்டியிருக்கானுங்கன்னு தூக்கிப் போடுவாங்க. நானா இருந்தா அதான் செய்வேன்."

அன்று மாலை கையேட்டை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். விதியை மீற விரும்புகிறவன்தான் அதை ஒழுங்காகப் படிப்பான். இருபத்து மூன்றில் நின்றேன். உருவப்படங்களில் ஒளியமைப்பு புகைப்படக்காரரின் விருப்பம். உருவப்படம் யாருடையதாக இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. பதவி வேண்டும் என்றோ, நலமாக இருக்க வேண்டும் என்றோ இல்லை. வேண்டுகோள் படிவத்தை எடுத்து, 'ஆண்டறிக்கைக்கான உருவப்படம்: திரு. நயீம், ஆம்பூர்' என்று எழுதினேன். டாக்டர் சுசீலா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். எடுத்த படத்தைக் கடிதத்தோடு கூடுதல் இணைப்பாக வைப்பது அவர் பொறுப்பு.

சனிக்கிழமை பிற்பகல் என்று குறித்தேன். சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆல்பர்ட் சார் சர்ச்சில் பாட்டுக்குழுப் பயிற்சிக்குப் போய்விடுவார்.

சாம்பல் திரையைக் கழற்றிவிட்டுக் கறுப்பு வெல்வெட்டைத் தொங்கவிட்டேன். ஜன்னல்களை மூடினேன். ஃபிளாஷைத் தலைக்கு மேலே பிடிக்க எங்களிடம் கருவி கிடையாது. வார்டிலிருந்து சலைன் பாட்டில் தொங்கவிடும் ஸ்டாண்டு ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து, அதன் கொக்கியில் ஒரு மரக் குச்சியைக் குறுக்கே கட்டி, குச்சியின் நுனியில் ஃபிளாஷை பாண்டேஜ் துணியால் சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டினேன். கேமராவிலிருந்து ஃபிளாஷுக்கு ஐந்து மீட்டர் ஒயர். ஃபிளாஷின் முகத்தில் கறுப்புக் காகிதத்தைக் குழாய் மாதிரி சுருட்டி ஒட்டினேன், வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து குழியை நிரப்பிவிடக் கூடாது என்பதற்காக. இவ்வளவு நாள் நிழலை விரட்டியவன், வெளிச்சத்தைக் கட்டிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

அது ஃபிலிம் காலம். ஃபிளாஷ் வெடித்து முடிவதற்குள் கண்ணால் எதையும் பார்க்க முடியாது. கழுவிய பிறகுதான் நிழல் எங்கே விழுந்தது என்று தெரியும். அதற்கு ஒரு வழி இருந்தது. ஃபிளாஷ் இருக்கும் இடத்தில் ஒரு டார்ச்சைப் பிடித்து, விளக்குகளை அணைத்துவிட்டுப் பார்த்தால், ஃபிளாஷ் எப்படி விழும் என்பது அப்படியே தெரியும். ஸ்டூலில் ஏறி நின்று டார்ச்சை அடித்தேன்.

"பேய்ப்படம் எடுக்கறீங்களா சார்?" என்றார் கீழேயிருந்து.

"பேசாதீங்க பாய். தாடையை இறக்குங்க. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான்."

குழி தெரிந்தது. ஆனால் ஜன்னலில் பார்த்த அளவுக்கு இல்லையோ என்று தோன்றியது. இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்டாண்டை இடப்பக்கமாக இரண்டு விரல் அளவு நகர்த்தினேன். மூக்கின் நிழல் சற்றே வலது கன்னத்தின் மேல் சாய்ந்தது. குழி இரண்டு மடங்கு ஆழமானது. டிசம்பர் நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு முறை நிராகரிக்கப்பட்டவர் என் முன் உட்கார்ந்திருந்தார். இரண்டு விரல் ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

கேமராவுக்குப் பின்னால் போனபோது கதவு திறந்தது. பாட்டுக்குழுவில் ஆர்கன் வாசிப்பவருக்குக் காய்ச்சலாம். பயிற்சி ரத்து. ஆல்பர்ட் சார் வாசலில் நின்று வெல்வெட்டைப் பார்த்தார், சலைன் ஸ்டாண்டைப் பார்த்தார், பாண்டேஜ் கட்டிய ஃபிளாஷைப் பார்த்தார்.

"யாருக்குப்பா அடிபட்டுச்சு, ஃபிளாஷுக்கா?"

நான் படிவத்தை நீட்டினேன். "இருபத்து மூணு சார். உருவப்படம்."

முழுவதும் படித்தார். டாக்டரின் கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இவரு ஆண்டறிக்கைல வரப்போறாரா?"

"வந்தா இன்னா சார்?" என்றார் நயீம் பாய். "மூஞ்சி நல்லா இல்லையா? நீங்கதானே ரெண்டு வாட்டி நல்லா இருக்குதுன்னு அனுப்பினீங்க."

ஆல்பர்ட் சார் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். காகிதம் மடிந்ததில் என் வேலை போகும் சத்தம் எனக்குக் கேட்டது. அவர் அறைக்குள் வந்து, என் கையிலிருந்த டார்ச்சை வாங்கி, அந்த வயதில் ஸ்டூலில் ஏறினார். விளக்கை அணைக்கச் சொன்னார். டார்ச்சை ஃபிளாஷோடு ஒட்டி வைத்து அடித்தார். வெகுநேரம் பார்த்தார். ஐந்து மாதம் அவரும்தானே அந்த முகத்தில் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு இருக்குதா" என்றார், யாரிடமும் இல்லாமல்.

பிறகு குரல் மாறியது. "தேவராஜ். மூக்கு நிழல் எந்தப் பக்கம் சாயுது?"

நான் குனிந்து ஒயரைச் சரிசெய்தேன்.

"கேக்கறேன்ல."

"வலப்பக்கம் சார்."

"விளக்கு நடுவுல இருந்தா நிழல் ஏன் சாயுது? குழி ஜாஸ்தியா தெரியணும்னு தள்ளி வெச்சிருக்க."

"ரெண்டு விரல்தான் சார்."

"முதல்ல அந்த ரெண்டு விரலைத்தான் அவங்க பார்ப்பாங்க. பார்த்துட்டாங்கன்னா மிச்சம் எல்லாமே பொய்யாயிடும், நிஜமா இருக்கிற குழியும் சேர்த்து." ஸ்டூலிலிருந்து இறங்கினார். "நூல் இருக்குதா?"

கட்டுப் போடும் நூலை எடுத்துக் கொடுத்தேன். அதன் நுனியில் ஒரு ஃபிலிம் சுருளைக் கட்டி, கொத்தனார் தூக்குக்குண்டு விடுவது போல ஃபிளாஷின் நடுவிலிருந்து தொங்கவிட்டார். சுருள் ஆடி நின்றது, நயீம் பாயின் மூக்குக்கு நேரே இல்லாமல் இரண்டு விரல் தள்ளி. ஸ்டாண்டைக் கடுகளவு கடுகளவாக நகர்த்தி, சுருள் மூக்கு நுனிக்கு நேர் முன்னே வந்து நிற்கும் வரை விடவில்லை. பிறகு நாடாவை எடுத்து, ஃபிளாஷிலிருந்து வலது காதுக்கு அளந்தார், இடது காதுக்கு அளந்தார். அரை சென்டிமீட்டர் வித்தியாசம். நயீம் பாயின் ஸ்டூலைக் காலால் லேசாகத் தட்டினார். மறுபடி அளந்தார்.

"இப்போ ரெண்டு கன்னத்துக்கும் ஒரே வெளிச்சம்" என்றார். "வித்தியாசம் தெரிஞ்சா அது மூஞ்சில இருக்கிற வித்தியாசம். எடு."

பன்னிரண்டு படங்கள் எடுத்தேன். ஒவ்வொரு வெடிப்புக்கும் நயீம் பாயின் முகம் இருட்டிலிருந்து குதித்து வந்து மறைந்தது. அவர் சிரிக்கவில்லை. நாங்கள் சிரிக்க வேண்டாம் என்று சொன்னது அந்த ஒரு நாள்தான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்றே இருட்டறையில் பிரிண்ட் போட்டேன். ஆல்பர்ட் சார் வீட்டுக்குப் போகாமல் என் பின்னால் நின்றார். சிவப்பு விளக்கில், தட்டின் திரவத்துக்கு அடியில், முதலில் திரையின் கறுப்பு வந்தது. பிறகு அதன் நடுவில் வெள்ளையாக நெற்றியும் இடது கன்ன எலும்பும், நிலா மாதிரி. மூக்கின் நிழல் உதட்டுக்கு நேராக இறங்கியது, இம்மி சாயவில்லை. வலது கன்னம் வர வேண்டிய இடத்தில் இருட்டாகவே இருந்தது. இன்னும் வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. அங்கே இருந்தது அந்தப் பள்ளம்தான். என்னை அறியாமல் பெரிதாக மூச்சு விட்டேன். "பெரிசா மூச்சு விடாத, தட்டு ஆடுது" என்றார் பின்னாலிருந்து.

காய்ந்த படத்தைத் திருப்பினார். சிவப்புப் பேனாவை எடுத்தார். பதினொன்று என்று எழுதப் போகிறார் என்று நினைத்தேன். எழுதவில்லை. ஃபிளாஷ் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் இருந்தது என்று ஒரு சின்ன வரைபடம் போட்டு, 'விளக்கு முகத்தின் நடுக்கோட்டில். நூல் விட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். திங்கட்கிழமை விமான அஞ்சலில் போயிற்று.

பிறகு காத்திருப்பு. நயீம் பாய் வாரம் ஒருமுறை ஆலையின் தொலைபேசியிலிருந்து கூப்பிடுவார். "இன்னா சார், வந்துச்சா?" வரவில்லை என்பேன். "பரவால்ல சார், நம்ம போட்டோ இன்னொண்ணு குடுங்க. வீட்ல பார்த்துட்டு வில்லன் மாதிரி இருக்கீங்கன்றாங்க. மச்சானுக்கு ஒண்ணு வேணுமாம்." கேலிக்கு நடுவில் ஒருமுறை மட்டும், "வருசம் முடியறதுக்குள்ள தெரிஞ்சுட்டா முதலாளிகிட்ட சொல்லிடலாம் சார், இல்லன்னா பேஜாராயிடும்" என்றார்.

இருபத்து மூன்றாம் விதிக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. நான் அதை அன்று சரியாகப் படிக்கவில்லை. ஆண்டறிக்கைக்கென்று பதிவு செய்து எடுத்த படத்தை ஆண்டறிக்கையில் போட்டே ஆக வேண்டும். அச்சுக் குழுவில் கேள்வி வந்தபோது, ஆல்பர்ட் சார் எழுந்து கையேட்டைத் திறந்து அந்த வரியைப் படித்துவிட்டு உட்கார்ந்தார். அந்த ஆண்டு அறிக்கையில், நிர்வாகக் குழுத் தலைவரின் பால் வடியும் முகத்துக்கு அடுத்த பக்கத்தில், கறுப்புத் திரையிலிருந்து பாதி வெளிவந்தவராக ஆம்பூர் நயீம் பாய் இருக்கிறார். மருத்துவமனை நூலகத்தில் இன்றும் பார்க்கலாம்.

டிசம்பர் பாதி தாண்டியது. வராந்தாவில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் தொங்கின. தபால் பிரிவுக்குத் தினமும் இரண்டு முறை போய் வந்தேன். நோயாளிகளுக்கு நான் காட்டாத அக்கறையை ஒரு நீலக் கவருக்குக் காட்டுகிறேன் என்று குமாஸ்தா கிண்டல் செய்தார். ஒரு நாள் பிற்பகல் இருட்டறையில் இருந்தேன். கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். சிவப்பு விளக்கு எரியும்போது தட்டக் கூடாது என்பது ஐந்தாம் விதி.

"தேவராஜ், நான்தான்" என்றார் டாக்டர் சுசீலா வெளியிலிருந்து. "திறக்க வேணாம். காது கேட்டா போதும். எடுத்துக்கிட்டாங்க. ஜனவரி பதினொண்ணாம் தேதி அட்மிஷன்."

நான் கதவைத் திறந்துவிட்டேன். தட்டில் இருந்த யாருடைய படமோ கறுத்துப் போயிற்று. பிறகு எடுத்துக்கொள்ளலாம். கடிதத்தை வாங்கி மூன்று முறை படித்தேன். நான்கே வரிகள். பாராட்டு எதுவும் இல்லை. நோயாளி நலமாகத் தெரிகிறார் என்றும் இல்லை. எனக்கு வந்த கடிதங்களிலேயே இனிமையானது அதுதான்.

ஆம்பூருக்கு நான்தான் கூப்பிட்டேன். பண்டல் கட்டும் இடத்திலிருந்து அவர் ஓடி வரும் சத்தம் தொலைபேசியில் கேட்டது. சொன்னேன். ரிசீவர் மேஜையில் விழும் சத்தம் கேட்டது. "பாய்?" என்றேன்.

"இருக்கேன் சார்" என்றார். "ரெண்டு வாட்டி சொல்லுங்க. ஒண்ணு எனக்கு, ஒண்ணு முதலாளிக்கு. இதோ பக்கத்துலதான் நிக்கறாரு."

இரண்டு முறை சொன்னேன்.

ஜனவரியில் ஆபரேஷன் நடந்தது. மார்ச்சில் வீக்கம் முழுதும் வற்றியபோது ஒரு பஸ் ஒரே பஸ்ஸாக வந்தது. ஏப்ரலில் வடக்கு ஜன்னலுக்குத் திரும்பினார். ஆபரேஷனுக்குப் பின் எடுக்க வேண்டிய படத்தை நான்தான் எடுத்தேன். அதே ஸ்டாண்டு, அதே நூல், அதே தூரம். ஆல்பர்ட் சார் அளந்தார். இந்த முறை இரண்டு கன்னத்திலும் நிலா வந்தது.

எங்கள் பிரிவில் வெளியே போகும் ஒவ்வொரு படத்துக்கும் பேரேட்டில் ஒரு வரி. கடைசிக் கட்டம், பதில் வந்த தேதி. நயீம் பாயின் மூன்றாவது வரியில் அந்தக் கட்டம் ஐந்து வாரம் காலியாகக் கிடந்தது. டாக்டர் கதவைத் தட்டிய அன்று மாலை, ஆல்பர்ட் சார் பேரேட்டைத் தன் பக்கம் இழுத்தார். பச்சைப் பேனாவைத் திறந்தார். கடிதத்தின் மேல் தபால் பிரிவு குத்திய தேதி முத்திரையோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துவிட்டு எழுதினார்: டிசம்பர் 22.